வானத்துக்கு எதிர்க்கட்சி

அந்த நாற்காலி பதினான்கு வயதுக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. அதில் நாற்பத்தைந்து வயதை மடக்கி உட்கார வைத்தால் முழங்கால் தாடையைத் தொட வந்துவிடும் என்பதை வால்வு அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்.

வால்வு என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. விண்கலங்களுக்கான வால்வுகளைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் ஹீலியத்தை அடைத்து, மறுபக்கம் கருவியை வைத்து, துளியாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலையில் கசிவு என்று சொல்வதை வைத்து ஒரு பலூனை நிரப்ப நினைத்தால் ஒரு ஆயுள் போதாது. அந்தக் கசிவுக்கும் அவர் தூக்கம் கெட்டுப் போகும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் 'வால்வு' என்றே கூப்பிட்டு, கடைசியில் சம்பளப் பிரிவில்கூட ஒருத்தி, "வால்வு சார், ஒரு கையெழுத்து" என்று கேட்டுவிட்டாள். அதோடு அவரும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

இன்று அவர் மனசில்தான் கசிவு. உட்கார முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அதை இறுக்கினார். பக்கத்து நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்தார். அதிலும் ஒன்று தளர்ந்திருந்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

விஷயம் இதுதான். கடலுக்கு நடுவே ஒரு தீவில் கண்காணிப்பு நிலையம். புதிதாகக் கிளம்பப் போகும் விண்கலத்தோடு பேசுவது அங்கிருந்துதான். அதன் வால்வுகளின் குணம் அறிந்த ஆள் ஒருவர் அங்கே வேண்டும். இரண்டு வருடம். குடும்பத்தோடு போக முடியாது. அங்கே பள்ளிக்கூடம் கிடையாது, கடற்பறவைகள் உண்டு. தலைமைப் பொறியாளர் கூப்பிட்டு, "உன்னை விட்டா யாரு இருக்கா?" என்று கேட்டபோது, 'கொஞ்சம் யோசிச்சு சொல்றேன் சார்' என்று வால்வின் வாய் சொன்னது. மனசு அதற்குள் மூட்டை கட்டி, தீவில் இறங்கி, தங்கும் அறையில் எந்தப் பக்கம் கட்டிலைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அது நடந்து இரண்டு வாரம். மனைவிக்கு அன்றைக்கே தெரியும். அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி அளவு பார்ப்பவள். 'இதுல நல்லா தெரியுதா, அதுல நல்லா தெரியுதா' என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, ரெண்டுங்கெட்டான் பதில் சொல்கிறவர்களை ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். "எனக்குச் சம்மதம்னும் சொல்லல, சம்மதமில்லைனும் சொல்லல. முதல்ல நீங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று முடித்துவிட்டாள். வால்வும் தினமும் சொல்லத்தான் நினைத்தார். காலையில் நினைத்தால், பள்ளிக்குப் போகும் நேரத்தில் எதற்கு என்று தோன்றும். மாலையில் நினைத்தால், சாப்பிடும் நேரத்தில் எதற்கு என்று தோன்றும். தலைமைப் பொறியாளர் இன்று மாலைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மகளின் டீச்சர் போன் பண்ணினார். 'விண்வெளி ஆராய்ச்சி தேவையா' என்று வகுப்பில் விவாதம். தேவை என்று பேசும் அணிக்கு, அந்தத் துறையில் இருக்கும் பெற்றோர் ஒருவர் துணைக்கு வர முடியுமா? வால்வுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வகுப்புக்குப் போகலாம், நாலு நல்ல வார்த்தை பேசலாம், பிள்ளைகள் கைதட்டும், மகளுக்குப் பெருமையாக இருக்கும், அந்தச் சூட்டோடு வெளியே வந்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடலாம். திட்டத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை என்று அவருக்குத் தோன்றியது. ஓட்டை பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்.

மகள் எதிர் அணியின் மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர். இங்கே குருவி மாதிரி இல்லை. முதுகு நேராக, கையில் ஒரு காகிதமும் இல்லாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அந்தப் பக்கம் விழுந்திருக்கும், பாவம் என்று நினைத்தார். பக்கத்திலிருந்த தன் அணிக்காரனிடம் குனிந்து, "குலுக்கலா தம்பி?" என்று கேட்டார்.

அவனை வகுப்பில் புரொபசர் என்று கூப்பிடுவார்கள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "இல்ல சார், உங்க பொண்ணே கேட்டு வாங்கினா" என்றான்.

டீச்சர் எழுந்தார். குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி. "சார், உங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன். எங்க வகுப்புல ஒரு வழக்கம் இருக்கு. எதிர்த்துப் பேசறதுக்கு முன்னாடி, அவங்க சொன்னதை உங்க வாயால ஒரு தடவை சொல்லணும். அதைக் கேட்டுட்டு அவங்க, ஆமா, இதைத்தான் சொன்னேன்னு தலையாட்டணும். ஆட்டலைன்னா திரும்பச் சொல்லணும். ஆட்டற வரைக்கும் மறுத்துப் பேச முடியாது."

"எங்க ஆபீஸ்ல இந்த வழக்கம் வந்தா, போன வருஷம் ஆரம்பிச்ச மீட்டிங் இன்னும் நடந்துட்டிருக்கும் டீச்சர்" என்றார் வால்வு.

வகுப்பு சிரித்தது. குருவி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் புரொபசர் பேசினான். அவன் பேச்சு, திறந்துவிட்ட குழாய். புயல் வருவதை முன்கூட்டியே சொல்வது, கடலுக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவது, போனில் வழி காட்டுவது, எந்த வயலில் ஈரம் காய்ந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்வது என்று மூச்சு விடாமல் அடுக்கினான். வால்வு தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். கடைசியில் அவன், "அவ்வளவு ஏன், உங்க வீட்டுல இருக்கற ஒட்டாத வாணலி! அதுவும் விண்வெளி ஆராய்ச்சி குடுத்ததுதான்!" என்று முடித்தான்.

வால்வால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, அது நம்ம கணக்குல வராது. ராக்கெட்டு விண்வெளிக்குப் போறதுக்கு முன்னாடியே அந்தப் பூச்சைக் கண்டுபிடிச்சுட்டாங்க. எல்லாரும் இப்படித்தான் சொல்லிட்டுத் திரியறாங்க."

புரொபசரின் முகம் தொங்கிவிட்டது. "சார், நீங்க எந்தக் கட்சி?"

வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. வால்வின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தலைமைப் பொறியாளர். அமுக்கிவிட்டு நிமிர்ந்தபோது மகள் எழுந்து நின்றிருந்தாள்.

"புயல், படகு, வயல், வழி. மேல போய் அங்கிருந்து நம்மளைப் பார்க்கறதால நமக்கு நல்லது நடக்குது. அதனால விண்வெளி ஆராய்ச்சி தேவை. சரியா?"

புரொபசர் தலையாட்டினான்.

"அதை நானும் ஒத்துக்கறேன். பூமியைப் பார்க்கற கலங்கள் இருக்கட்டும். நான் கேக்கறது மத்தது. தூரமா போறது. திரும்பி வராதது. யாரும் இல்லாத இடத்துக்குப் போய், அங்க யாரும் இல்லைன்னு சொல்றது. அது எதுக்கு?"

நன்றாகப் பேசுகிறாளே என்று வால்வுக்கு உள்ளூர ஒரு குதி. அந்தக் குதி பாதியிலேயே நின்றது.

"காசைப் பத்தி நான் பேசப் போறதில்ல. சினிமாவுக்கும்தான் காசு செலவாகுது. நான் ஆளுங்களைப் பத்திப் பேசறேன். ஒரு கலம் கிளம்பறதுக்கு வருஷக்கணக்கா ஆகுது. போய்ச் சேர இன்னும் எத்தனையோ வருஷம். அதுல வேலை செய்யறவங்க கெட்டிக்காரங்க. பொறுமைசாலிங்க. ஒரு தீப்பெட்டி அளவு சாமான் கசியுதா இல்லையான்னு மாசக்கணக்கா பார்த்துட்டே இருக்கறவங்க இருக்காங்க. அதே சமயத்துல கீழே எங்கெல்லாம் என்னவெல்லாம் கசியுதுன்னு பார்க்க ஆள் இல்ல. இருக்கறதுலயே பொறுமையான ஆளுங்க எல்லாரையும் வானமே எடுத்துக்குது. மிச்சத்துக்கு யார் இருக்கா?"

உட்கார்ந்தாள். வகுப்பின் தலைகள் எல்லாம் காற்றடித்த பயிர் மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பி வால்வைப் பார்த்தன. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது வருமே, அப்படி ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

"சார்" என்றார் டீச்சர், கொஞ்சம் தயக்கமாக. "நீங்க."

வால்வு எழுந்தார். நாற்காலியும் அவரோடு கொஞ்ச தூரம் எழுந்து, பிறகு விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"எதிர் அணி சொல்றது என்னன்னா," தொண்டையைச் செருமினார், "தூரமா போற கலங்களால நேரம் வீணாகுது. பெரிய மூளையெல்லாம் அங்க போயிடறதால கீழே வேலை நடக்கல."

மகளைப் பார்த்தார். தலை ஆடவில்லை.

"ஆட்டல சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் உதவி செய்தது.

"சரி. கெட்டிக்காரங்க தங்கள் வீட்டைச் சரியா கவனிக்கறதில்லைன்னு—"

"அது புகார்" என்றாள் மகள். "நான் புகார் சொல்லல. வாதம் சொன்னேன்."

ஓஓ என்று வகுப்பு. வால்வுக்குக் காது சூடானது. அவருக்கு இந்த மாதிரி இடங்களில் கைகொடுக்கும் ஒரே ஆயுதம் நகைச்சுவை. அதை எடுத்தார். "இப்ப புரியுது. எதிர் அணி கோரிக்கை என்னன்னா, அடுத்த ராக்கெட்டுல அப்பாக்களை எல்லாம் கட்டி வெச்சு அனுப்பிடணும். திரும்பி வராததுல."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். டீச்சர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் காத்திருப்பார்களே, அப்படி.

அந்த முகத்தை அவர் இதற்கு முன் பார்த்திருக்கிறார். எங்கே?

போன வருடம், வீட்டுச் சமையலறை. அவள் பள்ளி நாடகத்தில் நடிக்கிறாள், முக்கியமான வேஷம். அதே நாள்தான் அவருடைய பழைய வால்வு ஒன்று, வருடக்கணக்காக மூடிக்கிடந்து, தூரத்தில் எங்கோ ஒரு விண்கலத்தில் திறக்க வேண்டிய நாள். விஷயத்தைச் சொன்னவுடன் அவள், "அப்ப அங்க போப்பா. அதுதானே முக்கியம்" என்றாள். யோசிக்கவே இல்லை. உடனே சொன்னாள். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அவர் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார்: 'என் பொண்ணுக்கு நம்ம வேலை புரியுதுய்யா!' அவள் எப்படி அவ்வளவு சீக்கிரம் சொன்னாள் என்று அவர் யோசித்ததே இல்லை. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் அவளால்? வானத்தில் ஒரு வால்வு திறக்கிறது, நான் ஒரு நாடகத்தில் ராணியாக வருகிறேன், நீ என்னிடம் வா என்றா?

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அவர் கை பைக்குப் போகவில்லை.

"எதிர் அணி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "எதிர் அணி விண்வெளி ஆராய்ச்சி வீண்னு சொல்லவே இல்ல. நான் தப்பா எடுத்துக்கிட்டேன். அது ரொம்ப பெருசு, ரொம்ப அழகு, அதுதான் சிக்கல்னு சொல்றாங்க. அதுக்குப் பக்கத்துல எதை வெச்சாலும் சின்னதா தெரியும். எனக்கும் கொஞ்சம் நேரம் குடுன்னு கேட்டா, கேக்கறவங்க அல்பமா ஆயிடுவாங்க. அதனால கேக்கறதையே விட்டுடறாங்க. கேக்கலைன்னதும், இவங்களுக்கு எல்லாம் புரியுதுன்னு நாங்க... அந்த ஆராய்ச்சிக்காரங்க நினைச்சுக்கறாங்க. வானத்தோட யாரும் போட்டி போட முடியாது. போட்டியே இல்லாம ஜெயிக்கறது நியாயமான்னு கேக்கறாங்க."

குருவி தலையாட்டினாள். ஒரே ஒரு தடவை.

"இப்ப மறுத்துப் பேசலாம் சார்" என்றார் டீச்சர் மெதுவாக.

வால்வு வாயைத் திறந்தார். "ஒரு வால்வு, வருஷக்கணக்கா இருட்டுல மூடிக் கிடந்துச்சு. நாங்க ஒரு கட்டளை அனுப்பினோம். அது போய்ச் சேரவே நேரம் ஆகும். போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு தெரிய இன்னும் அவ்வளவு நேரம். அதுவரைக்கும் அறையில யாரும் பேசல. திறந்துடுச்சு. அதுல என்ன பிரயோஜனம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஒருத்தர் ஒழுங்கா ஒரு வேலை செஞ்சா, அவர் பக்கத்துல இல்லாதப்பவும் அது நிக்கும்னு தெரிஞ்சுது. அது எனக்கு வேணும். எல்லாருக்குமே வேணும்னு நினைக்கறேன்."

"வால்வுக்கு அது சரி" என்றாள் எதிர் அணி.

"ஆமா" என்றார் வால்வு. "வால்வுக்குத்தான் சரி."

"சார், இது மறுப்பா, இல்ல ஒத்துக்கறீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"அதுதான் டீச்சர் எனக்கும் தெரியல. ரெண்டுமே நிஜம்னு தோணுது. ரெண்டையும் ஒரே வீட்டுல எப்படி வெக்கறதுன்னு கத்துக்கல."

மணி அடித்துவிட்டது. டீச்சர் அவசரமாகக் கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார். விண்வெளி அபாரமாக ஜெயித்தது. இருட்டில் திறந்த வால்வு பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. புரொபசர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, வாணலி விஷயத்தில் தனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று பெருந்தன்மையாகத் தெரிவித்தான். ஒரு போட்டியில் ஜெயித்ததற்காக இவ்வளவு சங்கடப்பட்டு அவர் என்றைக்கும் நின்றதில்லை.

நடைபாதையில் பிள்ளைகள் பைகளை முட்டிக்கொண்டு ஓடினார்கள். குருவி சுவரோரமாக நடந்தாள். அவர் அவள் பக்கத்தில் போனார், கொஞ்சம் பின்தங்கினார், மறுபடி எட்டிப் பிடித்தார்.

"நல்லா பேசின."

"தோத்துட்டேன்ல."

"குருவி, ஒரு விஷயம் சொல்லணும். ஒரு தீவு இருக்கு—"

"தெரியும்."

"அம்மா சொன்னாளா?"

"அம்மா சொல்லல. நீ ரெண்டு வாரமா வீட்டுல இருக்கற குழாய் எல்லாத்தையும் இறுக்கிட்டிருக்க. பல்லு தேய்க்கறதுக்கு ஒருத்தி இடுக்கி தேட வேண்டியிருக்கு. அப்பவே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது. அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, கடற்பறவை மனுஷங்களைக் கொத்துமான்னு கேட்ட."

"கேட்டேனா?"

"கேட்ட."

மைதானத்துக்கு இறங்கும் படிகள் வந்தன. வால்வு நின்றார். "சரி, நீயே சொல்லு. போகட்டுமா, வேணாமா? நீ சொல்றதுதான்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். வகுப்பில் வராத கோபம் இப்போது வந்தது. "என்னைக் கேக்காதப்பா! வேணாம்னு சொன்னா, காலம் பூரா உன்னைத் தடுத்தவ நான்தான். போன்னு சொன்னா அது பொய். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிட்டேன். ரெண்டாவது தடவை என்னால முடியாது. நீயே முடிவு பண்ணு. என்னை அதுக்குள்ள இழுக்காத."

போன் அதிர்ந்தது. மூன்றாவது தடவை. இருவரும் அவர் சட்டைப்பையைப் பார்த்தார்கள். குருவி நாலு படி இறங்கிப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். காதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

"என்னய்யா, பிடிக்கவே முடியல" என்றார் தலைமைப் பொறியாளர். "போட்டுடவா உன் பேரை?"

"இல்ல சார். நான் வரல."

"என்னது? வீட்டுல யாராவது வேணாம்னு சொல்றாங்களா?"

எவ்வளவு சுலபமான கேள்வி. 'பொண்ணு சார், சின்னப் பொண்ணு' என்று சொன்னால் போதும். அவரும் உச்சுக் கொட்டிவிட்டு வைத்துவிடுவார். வால்வு படியில் தெரிந்த முதுகைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல சார். நானேதான்."

"விருப்பம் இல்லையா அப்ப?"

"விருப்பம் ரொம்ப இருக்கு. வரல."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அப்படின்னா கம்ப்ரெஸரைத்தான் அனுப்பணும்." கம்ப்ரெஸர் என்பது பக்கத்து மேஜைக்காரர், மூச்சு விட்டாலே அறைக்கே கேட்கும்.

"சார், அவருக்கு அந்த மூணாவது வால்வோட குணம் தெரியாது. குளிர்ல அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவசரப்படாம ரெண்டு தடவை சூடு ஏத்தி—"

"எழுதி அனுப்புய்யா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

வால்வு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு தியாகம் செய்தால் உள்ளே ஏதோ வெளிச்சம் பரவும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒன்றும் பரவவில்லை. கம்ப்ரெஸர் தீவில் இறங்கி, இவர் மனசில் பார்த்து வைத்திருந்த பக்கத்திலேயே கட்டிலைப் போடுவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

குருவி படியேறி வந்தாள். "வருத்தமா இருக்கா?"

'சேச்சே' என்று சொல்ல வாயெடுத்தார். "ரொம்ப" என்றார்.

"இல்லைன்னு சொல்லியிருந்தா இன்னிக்கு உன்னோட பேசியிருக்க மாட்டேன்." பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "நாளைக்கும் வருத்தமா இருக்குமா?"

"இருக்கும்னு நினைக்கறேன். அந்த விண்கலம் கிளம்பற அன்னிக்கு என் பக்கத்துல வராத. கடிச்சுடுவேன்."

"வருவேன்" என்றாள். பள்ளி வாசலைத் தாண்டியபின் அவள் கேட்டாள்: "அந்த மூணாவது வால்வு ஏன் முரண்டு பிடிக்குது?"

"அதைச் சொன்னா உனக்கு போரடிக்கும்."

"போரடிச்சா சொல்றேன்ல."

வால்வு ஆரம்பித்தார். உள்ளே ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது, குளிரில் அது இறுகும் என்றார். பிறகு இரண்டு கைகளையும் குவித்து வளையமாக வைத்துக் காட்டினார். அது போதாமல் நடைபாதையில் நின்று, போகிறவர்கள் ஒதுங்கிப் போகும்படி உடம்பையே குறுக்கிக் காட்டினார். அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்தது, நின்றது, கிளம்பியது. குருவி அதைப் பார்த்தாள். சொல்லவில்லை. இன்னும் வளையத்தைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.